கடற்கரைக்குச் செல்லும் வழியில் வாப்பாவின் நண்பர் வீடு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

  

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் செல்லும் வான்களின் தொகை பெருகிவிடுகின்றது. மன்னாரிலிருந்தும், குருநாகலிலிருந்தும், கொழும்பிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. பின் ஆசனத்தில் சோற்றுப் பானை, பிள்ளைகளின் கையில் பந்து, பெரியவர்களின் முகத்தில் ஓய்வு நாளின் மகிழ்ச்சி. நுரைச்சோலையும் ஆலங்குடாவும் தலவிலவும் கடந்து, தென்னந்தோப்புகளுக்கும் வெங்காயப் பாத்திகளுக்கும் இடையே அந்த வீதி கடலை நோக்கிச் செல்கின்றது.

இந்த வீதியின் ஓரத்தில் வாகனத்தை நிறுத்தச் சொல்லும் ஒரு தந்தையை எண்ணிப் பாருங்கள். “இந்த வீட்டுக்கு ஒருதரம் போய் ஸலாம் சொல்லிவிட்டுப் போவோம்” என்கிறார் அவர். “யார் வாப்பா இவர்கள்? நமக்குச் சொந்தமா? நேரே கடலுக்குப் போவோமே!” என்று பின்னாலிருந்து பிள்ளைகள் கேட்கின்றனர். அந்தக் கேள்விக்குத் தந்தை என்ன பதில் சொல்கிறார் என்பதில்தான் ஒரு பெரிய உறவின் ஆயுள் தங்கியிருக்கின்றது. அந்தப் பதிலை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பொழுதுபோக்கு ஆகுமானதா?

முதலில் ஓர் ஐயத்தை அகற்றிவிடுவோம். கடற்கரைக்குச் சென்று குடும்பத்தோடு மகிழ்வது மார்க்கத்துக்கு முரணான காரியமன்று. ஹன்ழலா (ரழி) என்ற நபித்தோழர், நபி (ஸல்) அவர்களுடைய சபையில் இருக்கும்போது தமக்கு ஏற்படும் உள்ளச்சம், மனைவி மக்களோடு கலந்திருக்கும்போது குறைந்துவிடுவதாகக் கவலைப்பட்டார். அதற்கு நபியவர்கள், மனிதனுக்கு இந்த நேரமும் உண்டு, அந்த நேரமும் உண்டு என்ற கருத்தில் ஆறுதல் கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆயிஷா (ரழி) அவர்களோடு நபியவர்கள் ஓட்டப் பந்தயம் வைத்த செய்தி அபூதாவூதில் வருகின்றது. எனவே, தொழுகையை விடாமலும், ஹராத்தை நெருங்காமலும், பிறருக்குத் தொல்லை கொடுக்காமலும் மகிழ்வதற்கு நமக்கு அனுமதி உண்டு.

ஆயினும் ஒரே பயணத்தில் மகிழ்ச்சியோடு நன்மையையும் சேர்த்து அள்ளிக்கொள்ள வழியிருக்கும்போது, அதனை ஏன் வீதியோரத்தில் விட்டுச் செல்ல வேண்டும்?

1990 ஆம் ஆண்டின் கடன்

இளைஞர்களே! நீங்கள் பிறப்பதற்கு முன்னர் நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் இறுதி நாட்களில் வட மாகாணத்தின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தமது பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு வெளியேறினர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30 ஆம் திகதி அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம் மாத்திரமே. மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறிக் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். இன்று நீங்கள் கால் நனைத்து விளையாடும் இதே கரையில்தான், பச்சிளம் குழந்தைகளை மார்போடு அணைத்துக்கொண்டு உங்கள் உம்மும்மாக்கள் இறங்கினார்கள்.

அன்று புத்தளம் மாவட்டத்து மக்கள் என்ன செய்தார்கள்? அவர்களும் செல்வந்தர்கள் அல்லர். மீன்பிடியிலும், உப்பளத்திலும், தோட்டத்திலும் உழைத்து வாழ்ந்தவர்களே. ஆயினும் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். தமது வீட்டு அடுப்பில் சமைத்ததைப் பகிர்ந்தார்கள். தென்னந்தோப்புகளில் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. சில நாட்களுக்கென்று கொடுத்த இடத்தில் ஆண்டுகள் பல கழிந்தன.

வரலாற்றை உண்மையோடு பேச வேண்டுமாயின், கசப்பான பக்கத்தையும் மறைக்கலாகாது. நாட்கள் நீண்டபோது கிணற்று நீருக்கும், காணிக்கும், பாடசாலை இடத்துக்கும், கூலி வேலைக்கும் போட்டி வந்தது. ‘அகதி’ என்ற சொல் சில வாய்களில் ஏச்சாக மாறியது. மறுபுறத்தில், பெற்ற உதவியை மறந்து பேசியவர்களும் இருந்தார்கள். மனிதர்கள் நெருக்கமாக வாழும் இடத்தில் இவை நிகழவே செய்யும். ஆனால், அந்தப் பூசல்களுக்கு நடுவிலும் இரு தரப்புக் குடும்பங்களுக்கிடையே உண்டான தனிப்பட்ட நட்புகள் அறுந்துபோகவில்லை. ஒரே படகில் தொழிலுக்குச் சென்றவர்கள், ஒரே தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கியவர்கள், ஒரே சஹனில் உண்டவர்கள் நண்பர்களானார்கள்.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. பல குடும்பங்கள் மன்னாருக்கும் முசலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பின. பல குடும்பங்கள் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டன. 1990 இல் பத்து வயதுச் சிறுவராயிருந்தவர் இன்று நாற்பதைக் கடந்துவிட்டார். அன்று கதவைத் திறந்துவிட்டவர்களில் பலர் முதுமையடைந்துவிட்டனர். இன்னும் பலர் மையவாடியில் உறங்குகின்றனர். அவர்களோடு சேர்த்து அந்த நட்பையும் நாம் அடக்கம் செய்துவிடப் போகின்றோமா? இதுவே இன்று நம்முன் உள்ள கேள்வி.

தந்தையின் நண்பர் நமக்கு யார்?

அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்கள் மக்காவுக்குச் செல்லும் வழியில் ஒரு கிராமத்து அரபியைச் சந்தித்தார்கள். தாம் ஏறிச் செல்லும் கழுதையை அவருக்குக் கொடுத்தார்கள். தமது தலைப்பாகையையும் கழற்றிக் கொடுத்தார்கள். உடன் சென்றவர்கள் வியப்படைந்து, இவர்கள் கிராமத்து மக்கள், சொற்பத்தைக் கொடுத்தாலே திருப்தியடைவார்களே என்றனர். அதற்கு இப்னு உமர் அவர்கள், இவருடைய தந்தை என் தந்தை உமரின் நண்பராக இருந்தார் என்று கூறி, தந்தையின் அன்புக்குரியவர்களோடு மகன் உறவைப் பேணுவதே பெற்றோருக்குச் செய்யும் நன்மைகளில் மிகச் சிறந்தது என்ற கருத்தில் நபியவர்கள் சொல்லத் தாம் கேட்டிருப்பதாக விளக்கினார்கள். இதுவும் முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது.

இச்சம்பவத்தை ஊன்றிக் கவனியுங்கள். உமர் (ரழி) அவர்களின் நேரடி நண்பர் அல்லர் அந்த மனிதர், நண்பரின் மகன். நட்பு இங்கே ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சொத்தைப் போல் கைமாறியுள்ளது. நமது பிள்ளைகளுக்குக் காணி, கடை, நகை ஆகியவற்றைப் பிரித்துக் கொடுப்பதைப் பற்றி நாம் அதிகம் சிந்திக்கின்றோம். நமது நட்புகளை யாருக்கு எழுதி வைத்திருக்கின்றோம்?

நபி (ஸல்) அவர்களே இதற்கு முன்மாதிரி. கதீஜா (ரழி) அவர்கள் வபாத்தான பின்னரும், வீட்டில் ஆடு அறுக்கப்படும்போது அன்னையாரின் தோழிகளுக்கு இறைச்சியைப் பங்கிட்டு அனுப்புவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிப்பதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கின்றோம். நண்பர் மறைந்த பின்னும் நட்பு மறைவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

மதீனாவின் அன்ஸார்கள் தமக்குத் தேவையிருந்தும் பிறரை முற்படுத்தியதை ஸூரத்துல் ஹஷ்ரில் அல்லாஹ் புகழ்கின்றான். அவர்களுடைய தயாளத்தைக் கண்ட முஹாஜிர்கள், எல்லா நன்மையையும் இவர்களே கொண்டு சென்றுவிடுவார்களோ என்று நபியவர்களிடம் கவலை தெரிவித்தனர். நீங்கள் அவர்களுக்காகப் பிரார்த்தித்து, அவர்களைப் பாராட்டிக்கொண்டிருக்கும்வரை அவ்வாறு ஆகாது என்ற பொருளில் நபியவர்கள் வழிகாட்டினார்கள். திருப்பிக் கொடுக்க முடியாத கடனுக்கும் மார்க்கம் ஒரு வழியை வைத்திருக்கின்றது. அந்த வழி துஆவும் நன்றியுரைத்தலும் ஆகும். நேரில் சென்று, பிள்ளைகள் கேட்க, “இவர்கள்தான் நமக்கு இடம் தந்தவர்கள்” என்று சொல்வதைவிடச் சிறந்த நன்றியுரை எது?

வேறொரு சிறப்பையும் கேளுங்கள். ஒரு மனிதர் வேற்றூரிலிருந்த தம் சகோதரரைச் சந்திக்கப் புறப்பட்டார். வழியில் அல்லாஹ் ஒரு வானவரை நிறுத்தி வைத்தான். அவரிடம் ஏதும் பயனை நாடியா செல்கின்றீர் என்று வானவர் கேட்டார். இல்லை, அல்லாஹ்வுக்காக அவரை நேசிக்கின்றேன், அதற்காகவே செல்கின்றேன் என்றார் அம்மனிதர். நீர் அவரை நேசிப்பதைப் போல் அல்லாஹ்வும் உம்மை நேசிக்கின்றான் என்ற நற்செய்தியை வானவர் அறிவித்தார். இச்செய்தியும் முஸ்லிமில் இடம்பெறுகின்றது. கல்யாண அழைப்பிதழ் கொடுக்கவோ, காணிப் பிரச்சினை பேசவோ, கடன் கேட்கவோ இன்றி, பார்ப்பதற்காக மட்டுமே நாம் கடைசியாக யாருடைய வீட்டுக்குச் சென்றோம் என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொள்வோமாக.

வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கு

முன்கூட்டியே தொலைபேசியில் அறிவித்துவிட்டுச் செல்லுங்கள். வான் நிறைய ஆட்களோடு திடீரென வாசலில் இறங்கினால் வீட்டுப் பெண்கள் சங்கடப்படுவார்கள். வாசலில் ஸலாம் சொல்லி அனுமதி கேட்பதும், திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் மனத்தாங்கலின்றித் திரும்புவதும் ஸூரத்துந் நூரில் நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுங்காகும்.

வீட்டாருக்குச் சுமையாக இருக்காதீர்கள். நபியவர்களும் அபூபக்ர், உமர் (ரழி) ஆகியோரும் பசியோடு ஓர் அன்ஸாரித் தோழரின் வீட்டுக்குச் சென்றபோது அவர் பேரீச்சங்குலையை முன்வைத்துவிட்டு, ஆட்டை அறுக்கக் கத்தியை எடுத்தார். பால் தரும் ஆட்டை விட்டுவிடுமாறு நபியவர்கள் அவருக்குச் சொன்னார்கள். விருந்தாளியான நிலையிலும் வீட்டாரின் வாழ்வாதாரத்தைப் பற்றிய அந்தக் கவலையைப் பாருங்கள்! கடலுக்குப் போக முடியாத பருவத்தில் ஒரு மீனவர் வீட்டில் எத்தகைய நிலைமை இருக்கும் என்பதை அறிந்தவர்கள் நாம். ஒரு கோப்பை பிளேன்டீயும் ஓர் இளநீரும் போதும் என்று மனமாரச் சொல்லுங்கள்.

வெறுங்கையோடு செல்லாமல் இயன்றதைக் கொண்டு செல்லுங்கள். மன்னாரிலிருந்து பனங்கிழங்கோ கருவாடோ கொண்டு சென்றாலும் அது அன்பளிப்பே. அற்பமென்று எந்த அன்பளிப்பையும் இழிவாகக் கருதலாகாது என்பது நபிமொழியின் போதனை. வீட்டார் பதிலுக்கு இரண்டு தேங்காயைத் தந்தால் அதையும் முகமலர்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே! அந்த வீட்டில் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுப் பெரியவர்களின் அருகில் அமருங்கள். “மாமா, எங்கள் வாப்பா இங்கு வந்த அன்று என்ன நடந்தது?” என்று கேளுங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காத வரலாற்றை அவர் சொல்வார். அந்த வீட்டுப் பெண்களின் படங்களை எடுப்பதையும், அனுமதியின்றிச் சமூக ஊடகங்களில் பகிர்வதையும் முற்றாகத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர் மறைந்திருந்தால் அவருடைய பிள்ளைகளைச் சந்தியுங்கள். மையவாடியில் நின்று துஆச் செய்யுங்கள். பழைய மனக்கசப்பு ஏதும் இருந்தால், அதைப் பேசித் தீர்க்க இதுவே நல்ல தருணம். மூன்று நாட்களுக்கு மேல் சகோதரனோடு பேசாதிருப்பதே ஆகாது எனில், முப்பது ஆண்டுகள் எம்மாத்திரம்?

புத்தளத்துச் சகோதரர்களே! இக்கடமை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. நீங்களும் உங்கள் பிள்ளைகளோடு எருக்கலம்பிட்டிக்கும் சிலாவத்துறைக்கும் சென்று, திரும்பிப் போனவர்கள் எவ்வாறு வாழ்கின்றார்கள் எனப் பாருங்கள். காடு மண்டிய காணியை வெட்டி வெளியாக்கி மீண்டும் வாழ்வைத் தொடங்கியவர்களுக்கு உங்கள் வருகை பெரும் ஆறுதலாகும். அவ்வாறே, 1990 இல் கண்ணீரோடு வழியனுப்பிய தமிழ் அயலவர்களையும் வடக்கு முஸ்லிம்கள் மறந்துவிடலாகாது. நம்மோடு பகைமை கொள்ளாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பதை ஸூரத்துல் மும்தஹினா தெளிவாக்குகின்றது.

விருந்தோம்பல் இக்கரைக்குப் புதிதன்று. 1344 ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து புறப்பட்ட பயணி இப்னு பதூதா, பத்தாலா என்ற துறையில் கரையிறங்கினார். அவ்விடம் புத்தளமே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி முஸ்லிம் அல்லர். ஆயினும் அவரை மதித்து, பாவா ஆதம் மலைக்குச் செல்ல வழித்துணையும் பல்லக்கும் கொடுத்தனுப்பினார்.

கரையில் இறங்கிய பின்னர்

சந்திப்பு முடிந்து கடற்கரைக்கு வந்துவிட்டீர்கள். முதலில் உயிரைப் பற்றிப் பேசுவோம். இக்கடற்கரையின் மேற்குப் பக்கம் திறந்த கடல். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் அலைகள் மிக மூர்க்கமாக இருக்கும். ஏனைய மாதங்களில் அமைதியாகத் தோன்றினாலும், கரையில் மோதிய நீர் ஓரிடத்தில் ஒடுங்கிக் கடலை நோக்கி வேகமாகத் திரும்பிச் செல்லும். அலையுடையாமல் அமைதியாகத் தெரியும் அந்த இடமே ஆபத்தானது. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்கிவிடுவார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை குறைந்த பின்னரே கரையை நோக்கி வர வேண்டும். நீந்தத் தெரியாதவர் காப்பாற்றவென்று பாய்ந்தால் இரு ஜனாஸாக்கள் வீட்டுக்கு வரக்கூடும். கயிற்றையோ, மூடிய வெற்றுக் கானையோ வீசுங்கள். அருகிலுள்ள மீனவர்களை உரக்க அழையுங்கள். இறங்குவதற்கு முன்னரே அவர்களிடம் இடம் கேட்டு இறங்குவது எல்லாவற்றிலும் சிறந்தது. வாப்பாவின் நண்பர் மீனவராயின், அவருடைய ஒரு சொல் உங்கள் பிள்ளையின் உயிரைக் காக்கும்.

இரண்டாவது, தொழுகை. பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது. கடல் நீர் தூய்மையானது, அதில் வுழூச் செய்யலாம் என்பதும் நபிமொழியால் உறுதியானது. ஆகவே ளுஹரும் அஸரும் தவறிப்போவதற்குக் காரணம் சொல்ல முடியாது. தூரத்திலிருந்து வருவோர் கஸ்ர், ஜம்உ பற்றிய சட்டங்களைப் புறப்படுமுன் ஊர் ஆலிமிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். ஆண்களும் பெண்களும் உடையிலும் பார்வையிலும் மார்க்க வரம்பைப் பேணுங்கள்.

மூன்றாவது, கரையின் உரிமை. பாதையோரத்தில் அமர்வோர் பாதைக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்றும், பார்வையைத் தாழ்த்துவதும் தொல்லை தராதிருப்பதும் அவற்றுள் அடங்கும் என்றும் நபியவர்கள் போதித்தார்கள். கடற்கரையும் அவ்வாறே. நமக்கு அது ஒரு நாள் உல்லாசத் தலம். மீனவருக்கு அது தொழிற்சாலை. உலர்த்தியிருக்கும் வலையை மிதிக்காதீர்கள். கருவாடு காயும் பாயின்மேல் மணல் வாரிப் போடாதீர்கள். கரைவலை இழுப்பவர்களின் குறுக்கே நிற்காதீர்கள். இக்கரையில் கத்தோலிக்கரும் இந்துக்களும் நம்மோடு அயலவராக வாழ்கின்றனர். தலவில புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாக் காலத்தில் வீதி நெருக்கமாக இருந்தால் பொறுமையோடு வழிவிடுங்கள்.

நான்காவது, குப்பை. கொழும்பின் குப்பையை அருவக்காட்டில் கொட்டுவதற்கு எதிராக 2018 ஆம் ஆண்டு புத்தளம் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். பிறர் குப்பை நம் மண்ணுக்கு வேண்டாம் என்று குரல் கொடுத்த சமூகம், தன் சோற்றுப் பொதியின் லன்ச் ஷீட்டையும், சொப்பிங் பையையும், தண்ணீர்ப் போத்தலையும் கடற்கரையில் விட்டுச் செல்வது நியாயமா? தொல்லை தரும் பொருளைப் பாதையிலிருந்து அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை எனில், அதனைப் போட்டுவிட்டுச் செல்வது எதன் கிளை? வரும்போது ஒரு வெற்றுச் சாக்கைக் கொண்டு வாருங்கள். உங்கள் குப்பையோடு அருகிலுள்ளதையும் அள்ளிச் செல்லுங்கள்.

முடிவாக

அன்பின் பெற்றோர்களே! கடற்கரையில் எழுப்பிய மணல் வீட்டை அடுத்த அலை கொண்டுபோய்விடும். ஆனால் ஒரு முதியவரின் கையைப் பிடித்து ஸலாம் சொன்ன ஞாபகம் பிள்ளையின் நெஞ்சில் நிலைத்து நிற்கும். நீங்கள் இல்லாத காலத்தில் உங்கள் மகன் அந்த வாசலில் வாகனத்தை நிறுத்துவானாயின், அது உங்கள் கப்றுக்கு வந்து சேரும் நன்மை. அதற்கான பாதையை இன்று நீங்கள்தாம் அவனுக்குக் காட்ட வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் அன்ஸார்களுக்காக மட்டும் பாவமன்னிப்புக் கேட்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும், பிள்ளைகளின் பிள்ளைகளுக்காகவும் சேர்த்தே கேட்டார்கள். மூன்று தலைமுறைகளை ஒரே துஆவில் இணைத்த அந்த முன்மாதிரியை நாமும் பின்பற்றுவோம்.

யா அல்லாஹ்! அந்த இக்கட்டான நாட்களில் எங்களுக்குக் கதவு திறந்தவர்களுக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும் அருள்புரிவாயாக! இடம்பெயர்ந்தோரின் துயரங்களைத் துடைத்து, பிரிந்த உள்ளங்களை ஒன்றுசேர்ப்பாயாக! எங்கள் பயணங்களைப் பாதுகாத்து, எங்கள் பிள்ளைகளைத் தம் பெற்றோரின் நட்பைப் பேணும் நன்மக்களாக ஆக்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.